மெட்ராஸில் ரேடியோ வந்த புதிது: ஒரு மாலைப் பொழுதின் கேள்வி பதில்கள்

பழைய வால்வு ரேடியோக்களைச் சேர்ப்பதும் பழுதுபார்ப்பதும் பல வருடமாக எனக்குப் பிடித்த வேலை. வீட்டுக்கு வருகிறவர்கள் அலமாரியில் இருக்கும் பெட்டிகளைப் பார்த்ததும் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். இந்தப் பெட்டியில் என்ன கேட்டார்கள்? யார் வீட்டில் இருந்தது? இல்லாதவர்கள் என்ன செய்தார்கள்? ஒவ்வொருவரிடமும் பாதிப் பாதியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றியது. 1924 முதல் 1939 வரை, பெரும்பாலும் மெட்ராஸ் நகரத்தை வைத்து எழுதியிருக்கிறேன்.

மெட்ராஸில் ரேடியோ 1938-இல்தானே தொடங்கியது?

இல்லை. 1938 என்பது ஆல் இந்தியா ரேடியோவின் மெட்ராஸ் நிலையம் பிறந்த வருடம். நகரத்துக்கு ரேடியோ அதற்கு 14 வருடம் முன்பே வந்துவிட்டது. அதைக் கொண்டுவந்தது அரசாங்கமும் இல்லை, பெரிய கம்பெனியும் இல்லை. ஆர்வம் கொண்ட சிலர் கூடி நடத்திய ஒரு சங்கம்.

சி.வி. கிருஷ்ணசாமி செட்டி என்ற பொறியாளரின் முயற்சியால் 1924 மே 16 அன்று மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் உருவானது. அதே வருடம் ஜூலை 31 அன்று ஒலிபரப்பு தொடங்கியது. முதலில் இருந்த ஒலிபரப்பிக் கருவியின் திறன் வெறும் 40 வாட். பிறகு அதை 200 வாட்டாக உயர்த்தினார்கள். 40 வாட் எவ்வளவு என்று புரிய வேண்டுமானால், இன்று சாதாரண சீலிங் ஃபேன் ஒன்று இழுக்கிற மின்சாரம் அதைவிட அதிகம். அந்தத் துளி சக்தியை வைத்துக்கொண்டு மாலை நேரத்தில் பாட்டும் பேச்சும் நகரத்தின் மேல் பரவின. பம்பாயில் பெரிய முதலீட்டோடு இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனி தொடங்கியது 1927 ஜூலையில்தான். மெட்ராஸ் அதை மூன்று வருடம் முந்திக்கொண்டது. நம் ஊர்க்காரர்களுக்கே இது அதிகம் தெரியவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அந்த கிளப் ஒலிபரப்பைக் கேட்க வீட்டில் என்ன இருக்க வேண்டும்?

ஒரு கிரிஸ்டல் செட் போதும். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இன்று பார்த்தாலும் அது ஓர் அதிசயம்தான். அதற்கு மின்சாரம் வேண்டாம், பேட்டரி வேண்டாம். நிலையத்திலிருந்து காற்றில் வரும் அலையின் சக்தியே காதில் சத்தமாக மாறுகிறது.

மொட்டை மாடியில் இரண்டு சவுக்குக் கழி அல்லது மூங்கிலை நட்டு, அவற்றுக்கு இடையில் 50, 60 அடிக்குச் செம்புக் கம்பி கட்ட வேண்டும். கம்பி கழியைத் தொடாமல் இருக்க இரண்டு முனையிலும் பீங்கான் குமிழ்கள். இது ஏரியல். அதிலிருந்து ஒரு கம்பி ஜன்னல் வழியாக உள்ளே வரும். இன்னொரு கம்பி எர்த். கிணற்றடி மாதிரி ஈரமான இடத்தில் ஒரு குழாயையோ செம்புத் தகட்டையோ புதைத்து, உப்பும் கரியும் போட்டு, கோடைக்காலத்தில் தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். எர்த் காய்ந்தால் சத்தமும் காய்ந்துவிடும்.

இரண்டு கம்பிகளுக்கும் நடுவில் ஒரு சுருள், ஒரு கனிமக் கல். அந்தக் கல் பெரும்பாலும் கலீனா, அதாவது காரீயமும் கந்தகமும் சேர்ந்த தாது. கல்லின் மேல் மெல்லிய கம்பி ஒன்று முள் மாதிரி தொட்டுக்கொண்டிருக்கும். அதற்குப் 'பூனை மீசை' என்று பெயர். கல்லில் எல்லா இடமும் வேலை செய்யாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு முள்ளை ஒவ்வொரு புள்ளியாக நகர்த்தித் தேட வேண்டும். சரியான புள்ளி கிடைத்ததும் காதில் வைத்த ஹெட்போனில் தொலைவிலிருந்து கேட்பது மாதிரி ஒரு குரல் வரும். யாராவது மேஜையை இடித்தால் போச்சு, மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியதுதான்.

இந்தக் கலீனா கல் விஷயத்தில் நமக்கு ஒரு சொந்தமும் உண்டு. இதை வைத்து அலைகளைக் கண்டறியும் கருவிக்கு 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றவர் கல்கத்தாவின் ஜகதீச சந்திர போஸ்.

கிரிஸ்டல் செட்டில் எத்தனை பேர் கேட்கலாம்?

ஒருவர். ரொம்ப விரும்பினால் ஹெட்போனின் இரண்டு காதுகளைப் பிரித்து ஆளுக்கு ஒன்றாக இரண்டு பேர். ஹெட்போனை ஒரு பாத்திரத்துக்குள் வைத்தால் சத்தம் கொஞ்சம் கூடும், சுற்றி உட்கார்ந்து கேட்கலாம் என்பது அந்தக் காலத்தில் உலகம் முழுக்க வழங்கிய உபாயம். நானும் ஒரு பித்தளைச் சொம்பில் வைத்துப் பார்த்தேன். இரவில் வீடு அடங்கிய பிறகு கேட்கிறது. பகலில் தெருச் சத்தத்தில் ஒன்றும் நடக்காது.

வால்வு பெட்டி என்றால் என்ன, அது எப்போது வந்தது?

வால்வு என்பது காற்று நீக்கிய கண்ணாடிக் குழல். மெலிந்த சமிக்ஞையைப் பெருக்கி ஒலிபெருக்கியில் கேட்கும் அளவுக்குக் கொண்டுவருவது அதன் வேலை. கிளப் காலத்திலேயே வசதியானவர்களிடம் வால்வு செட்டுகள் இருந்தன. ஆனால் 1920களின் வால்வு செட்டை வைத்திருப்பது ஒரு பசுமாட்டை வைத்திருப்பது மாதிரி, தினமும் கவனிக்க வேண்டும். வால்வின் இழை சூடாக ஒரு பேட்டரி, அதற்குமேல் உயர் அழுத்தத்துக்கு வேறொன்று, பல செட்டுகளில் மூன்றாவதாக இன்னொன்றும் கேட்கும். முதலாவது, அமிலம் நிரப்பிய அக்குமுலேட்டர். வாரம் பத்து நாளைக்கு ஒருமுறை அதைத் தூக்கிக்கொண்டு போய் சார்ஜ் போட்டு வர வேண்டும். அமிலம் வேஷ்டியில் பட்டால் ஓட்டைதான்.

அப்புறம் திருகுகள். நிலையத்தைப் பிடிக்க இரண்டு மூன்று திருகுகளை ஒன்றுக்கொன்று இசைவாகத் திருப்ப வேண்டும். 'ரியாக்ஷன்' என்று ஒரு திருகு உண்டு. அதைத் திருப்பத் திருப்பச் சத்தம் கூடும். அளவு மீறினால் பெட்டி ஊளையிட ஆரம்பிக்கும். அத்தோடு போனால் பரவாயில்லை, அந்த நேரத்தில் உங்கள் பெட்டியே ஒரு குட்டி ஒலிபரப்பியாக மாறி, பக்கத்துத் தெருவில் கேட்டுக்கொண்டிருக்கிறவரின் ரேடியோவிலும் ஊளையைக் கிளப்பும்.

1930களின் நடுவில்தான் மின்சாரத்தில் ஓடும், ஒரே திருகில் நிலையம் பிடிக்கும், மரப்பெட்டி ரேடியோக்கள் பரவலாயின. பிலிப்ஸ், ஜி.இ.சி., எச்.எம்.வி., மர்ஃபி என்று நம் தாத்தாக்கள் பெயர் சொல்லும் பெட்டிகள் இந்தத் தலைமுறைதான்.

ரேடியோ கேட்க லைசென்ஸ் வேண்டுமாமே, உண்மையா?

உண்மை. வருடத்துக்கு 10 ரூபாய், தபால் ஆபீஸில் கட்ட வேண்டும். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. ரேடியோ லைசென்ஸ் என்ற ஏற்பாடு 1980கள் வரை நீடித்தது, அதனால் லைசென்ஸ் புத்தகத்தைப் பார்த்த ஞாபகம் பலருக்கு இன்னும் இருக்கும். பழைய பெட்டியோடு அந்தப் புத்தகமும் கிடைத்தால் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். எந்த வருடம், எந்தத் தபால் ஆபீஸ் என்ற முத்திரைகளிலேயே ஒரு குடும்பத்தின் ஊர் மாற்றங்கள் தெரியும்.

கிளப் ஏன் மூடப்பட்டது?

பணம் இல்லை. சந்தாவையும் நன்கொடையையும் நம்பி நடந்த சங்கம் அது. 1927-இல் ஒலிபரப்பு நின்றுபோனது. ஆனால் கிருஷ்ணசாமி செட்டியும் நண்பர்களும் கருவியை விற்றுக் காசாக்கவில்லை, சென்னை மாநகராட்சிக்குக் கொடுத்துவிட்டார்கள். 1930 ஏப்ரல் 1 அன்று மாநகராட்சி சொந்த ஒலிபரப்பைத் தொடங்கியது.

நடுவில் 1927 முதல் 1930 வரை மெட்ராஸில் ரேடியோ வைத்திருந்தவர்கள் என்ன கேட்டார்கள்?

பொழுது சாயும் வரை காத்திருந்து வெளியூரைத் தேடினார்கள். மிக அருகில் இருந்தது கொழும்பு. இலங்கையில் தந்தி இலாகாவின் பொறியாளர் எட்வர்ட் ஹார்ப்பரின் முயற்சியில் 1925 டிசம்பர் 16 அன்று முறையான ஒலிபரப்பு தொடங்கிவிட்டது. முதல் சோதனைகளுக்கு, முதல் உலகப் போரில் பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் ரேடியோ உறுப்புகளை எடுத்துப் பயன்படுத்தினார்கள் என்று சொல்வார்கள். அதற்கு அப்புறம் பம்பாய் (1927 ஜூலை 23), கல்கத்தா (1927 ஆகஸ்ட் 26). இரண்டும் 1.5 கிலோவாட் நிலையங்கள். பகலில் அவற்றின் நம்பகமான எல்லை சுமார் 30 மைல்தான். இரவில் நல்ல ஏரியல் இருந்தால் நூற்றுக்கணக்கான மைல் தாண்டியும் எப்போதாவது கையில் சிக்கும்.

ஏன் எப்போதும் மாலை, இரவு என்றே பேசுகிறீர்கள்? பகலில் கேட்க மாட்டார்களா?

இது எனக்கு மிகப் பிடித்த கேள்வி. மூன்று காரணம் உண்டு.

முதல் காரணம் வானத்தில் இருக்கிறது. தரையிலிருந்து 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில், சூரிய ஒளியால் மின்னேற்றம் பெற்ற ஓர் அடுக்கு பகலில் உருவாகும். அன்றைய நிலையங்கள் பயன்படுத்திய மத்திய அலையை (மீடியம் வேவ்) அது உறிஞ்சிவிடும். சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கரைந்துபோகும். அதற்கு மேலே இருக்கும் வேறோர் அடுக்கு அலையைக் கண்ணாடி மாதிரி திருப்பித் தரையை நோக்கி அனுப்பும். அதனால் பகலில் ஊமையாக இருந்த திருகின் இடங்கள் விளக்கு வைக்கும் நேரத்தில் ஒவ்வொன்றாகப் பேச ஆரம்பிக்கும். இன்றைக்கும் ஒரு சாதாரண ரேடியோவை மத்திய அலையில் வைத்து மாலை ஐந்தரையிலிருந்து ஏழு மணி வரை மெதுவாகத் திருகிப் பாருங்கள். சூரியன் இறங்க இறங்க ஊர்கள் எழுந்து வருவது காதிலேயே தெரியும்.

இரண்டாவது, நிலையங்களே மாலையில்தான் ஒலிபரப்பின. 24 மணி நேர நிலையம் என்பது யாரும் யோசித்துப் பார்க்காத விஷயம்.

மூன்றாவது சுலபமானது. ஆபீஸ், பள்ளிக்கூடம், சமையல் எல்லாம் முடிந்து மனிதர்கள் உட்காருவது அப்போதுதான்.

அமெரிக்காவில் இதன் மீது எவ்வளவு பித்து இருந்தது என்றால், 1920களில் சிகாகோ நகரத்து நிலையங்கள் வாரத்தில் ஒரு இரவு ஒலிபரப்பை நிறுத்திக்கொள்ளும் வழக்கம் இருந்தது. உள்ளூர்ச் சத்தம் அடங்கினால் மக்கள் தூரத்து ஊர்களைத் தேடிக் கேட்கலாம் அல்லவா? கேட்கிறவர்களுக்காக ஒரு நகரமே வாயை மூடிக்கொண்டது என்பதை நினைத்தால் இன்றும் மனசு நெகிழ்கிறது.

மாநகராட்சி ரேடியோவில் என்னென்ன வந்தது?

மாலை 5.30 முதல் 7.30 வரை இசை. பள்ளி நாட்களில் மாலை 4 முதல் 4.30 வரை மாநகராட்சிப் பள்ளிக் குழந்தைகளுக்குப் பாட்டுப் பாடமும் கதையும். ஞாயிறும் விடுமுறை நாளும் காலை 10 முதல் 11 வரை கிராமபோன் இசைத்தட்டுகள். மாதத்தின் முதல் திங்கட்கிழமை மாலை ஐரோப்பிய இசை.

இந்த அட்டவணையைப் படிக்கும்போது என் கண் நிற்கிற இடம் அந்த அரைமணி நேரப் பள்ளி ஒலிபரப்புதான். சாலை போடுவதற்கும் குப்பை அள்ளுவதற்கும் இருக்கிற ஒரு மாநகராட்சி, ஏழைக் குழந்தைகளுக்கு ரேடியோவில் பாட்டுச் சொல்லிக் கொடுப்பதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டிருக்கிறது. 1930-இல்!

ரேடியோ வாங்க வசதி இல்லாதவர்கள்?

கடற்கரைக்குப் போனார்கள், பூங்காவுக்குப் போனார்கள். மாநகராட்சி மெரினாவிலும் நகரப் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் வைத்திருந்தது. சென்னையின் முதல் ரேடியோ ரசிகர்கள் யார் என்று கேட்டால், வீட்டில் பெட்டி வைத்திருந்தவர்களைவிட மணலில் உட்கார்ந்து கேட்டவர்களைத்தான் நான் முதலில் சொல்வேன்.

மெரினாவில் மாலைக் காற்று கடலிலிருந்து கரைக்கு அடிக்கும். கூம்பு ஒலிபெருக்கியின் சத்தம் காற்றோடு கூடியும் குறைந்தும் வரும். வண்டிக்காரரும் குமாஸ்தாவும் சுண்டல் விற்கிற பையனும் ஒரே பாட்டைக் கேட்டார்கள். அதற்கு முன் ஒரு நல்ல கச்சேரியைக் கேட்க சபா டிக்கெட் வேண்டும், இல்லையென்றால் கோயில் திருவிழாவோ வசதியான வீட்டுக் கல்யாணமோ வர வேண்டும். இப்போது நடந்து போய் உட்கார்ந்தால் போதும், சபைக்குள் வருவதற்கான தகுதியை யாரும் கேட்கவில்லை. ரேடியோ நம் ஊருக்குச் செய்த முதல் பெரிய காரியம் இதுதான் என்பது என் எண்ணம்.

பிற்காலத்தில் சிறு ஊர்களில் பஞ்சாயத்து ரேடியோவும் பூங்கா ரேடியோவும் வந்தபோது இதே பழக்கம்தான் தொடர்ந்தது. ஊர் நடுவே கம்பத்தில் கட்டிய குழாயின் கீழ் பெரியவர்கள் துண்டை விரித்து உட்கார்ந்து மாநிலச் செய்தி கேட்ட காட்சி பலருக்கு நினைவிருக்கும். அதற்கு மெரினா மணல்தான் முன்னோடி.

1938 ஜூன் 16 அன்று என்ன நடந்தது?

எழும்பூர் மார்ஷல்ஸ் சாலையில் 'ஈஸ்ட் நுக்' என்ற பங்களாவில் ஆல் இந்தியா ரேடியோவின் மெட்ராஸ் நிலையம் தொடங்கியது. கவர்னர் எர்ஸ்கின் பிரபு திறந்துவைத்தார். அப்போது மாகாணப் பிரதமராக இருந்த ராஜாஜியும் பேசினார். திருவெண்காடு சுப்பிரமணிய பிள்ளையின் நாகசுரம் ஒலித்தது. டி.கே. பட்டம்மாள் பாடினார். அவருக்கு அப்போது 19 வயது. மேடையேறிப் பாடும் பெண்களைப் பற்றி ஊர் இன்னும் ஆயிரம் பேசிக்கொண்டிருந்த காலத்தில், புத்தம் புதிய நிலையத்தின் முதல் நாளிலேயே அந்தக் குரல் வீடுகளுக்குள் போனது.

மாநகராட்சியின் சிறிய நிலையம் இத்தோடு தன் வேலையை முடித்துக்கொண்டது. அடுத்த வருடம், 1939 மே 16 அன்று, திருச்சிராப்பள்ளி நிலையம் வந்தது. சென்னை நிலையம் இன்றிருக்கும் கடற்கரைச் சாலைக் கட்டடத்துக்கு 1954-இல்தான் போனது.

மெட்ராஸ் நிலையத்தைத் தமிழ்நாடு முழுக்கக் கேட்க முடிந்ததா?

இரண்டு ஒலிபரப்பிகள் இருந்தன. மத்திய அலையில் 250 வாட், சிற்றலையில் (ஷார்ட் வேவ்) 10 கிலோவாட். முதலாவது நகரத்துக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் மட்டும். இரண்டாவதுதான் மாகாணத்தின் மற்ற ஊர்களுக்கு. சிற்றலை வானத்தில் பட்டுத் திரும்பி வருவதால் வெகுதூரம் போகும். ஆனால் சத்தம் கடல் அலை மாதிரி ஏறி ஏறி இறங்கும். பல்லவி தெளிவாகக் கேட்கும், அனுபல்லவி வரும்போது பாடகர் கிணற்றுக்குள் இறங்கிவிட்ட மாதிரி இருக்கும், சரணத்தில் மறுபடி மேலே வருவார். மதுரையிலும் கோயம்புத்தூரிலும் கேட்டவர்களுக்கு ரேடியோ கச்சேரி என்றாலே இப்படித்தான்.

இன்னொரு தொல்லை மின்னல். நம் ஊர் வெப்பமண்டலம். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் எங்கோ அடிக்கிற மின்னலும் பெட்டியில் 'சடசட'வென்று கேட்கும். அதற்காகவே ஜன்னலருகே ஒரு கத்தி சுவிட்ச் வைத்திருப்பார்கள். இடி நெருங்கினால் அதைத் தள்ளி ஏரியலை நேராக எர்த்தோடு சேர்த்துவிட வேண்டும். அன்றைய கச்சேரி அத்தோடு முடிந்தது.

வெளிநாட்டு நிலையங்களும் கிடைத்தனவா?

சிற்றலைப் பெட்டி இருந்தால் தாராளமாக. பிபிசியின் எம்பயர் சர்வீஸ் 1932 டிசம்பர் 19 அன்று தொடங்கியது. இந்தியாவில் ரேடியோ விற்பனை நிமிர்ந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம். இங்கே இருந்த ஐரோப்பியர்கள் லண்டன் மணிக்கூண்டின் ஓசையைக் கேட்கவே பெட்டி வாங்கினார்கள். ஹாலந்தின் ஐந்தோவன் நகரிலிருந்து பிலிப்ஸ் நிறுவனம் 1927 முதலே சிற்றலையில் ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. பெட்டி விற்கிறவர்களே பாட்டும் போட்டார்கள். ஜெர்மனியும் 1930களில் ஆசியாவை நோக்கிப் பேசியது. போர் மூண்ட பிறகு யார் எந்த நிலையத்தைக் கேட்கிறார்கள் என்பதே அரசியலாகிவிட்டது. அது தனியாக எழுத வேண்டிய கதை.

தூரத்து நிலையத்தைக் கேட்டவர்கள் நாள், நேரம், என்ன பாட்டு, எவ்வளவு தெளிவு என்று எழுதி அந்த நிலையத்துக்குக் கடிதம் போடுவார்கள். நிலையம் ஓர் அழகான அட்டையை அனுப்பி, 'ஆம், நீங்கள் கேட்டது எங்களைத்தான்' என்று உறுதி செய்யும். கப்பலில் போய்க் கப்பலில் வர இரண்டு மூன்று மாதம் ஆகும்.

வானொலி, ஆகாசவாணி என்ற பெயர்கள் எப்போது வந்தன?

'ஆகாசவாணி' மைசூரின் கொடை. மனோதத்துவப் பேராசிரியர் எம்.வி. கோபாலசுவாமி 1935-இல் தன் சொந்த வீட்டில் 30 வாட் கருவியை வைத்து ஒலிபரப்பு தொடங்கி, அந்தப் பெயரை வைத்தார். ஆல் இந்தியா ரேடியோ என்ற பெயர் 1936 ஜூன் 8 முதல். அது ஆகாசவாணி என்பதை ஏற்றுக்கொண்டது 1950களில். 'வானொலி' என்பது தமிழுக்கு நாமே செய்துகொண்ட சொல். மெட்ராஸ் நிலையம் நடத்திய தமிழ் நிகழ்ச்சிப் பத்திரிகைக்கும் அதுவே பெயர். வீட்டில் மட்டும் எல்லாரும் ரேடியோ என்றுதான் சொன்னோம், சொல்கிறோம்.

ஆல் இந்தியா ரேடியோ ஒலிபரப்பு தொடங்கும்போது வரும் அந்த அடையாள இசை அப்போதே உண்டா?

1936-இல் அமைந்தது. தம்புரா சுருதியின் மேல் வயலின் எழுந்து வரும் அந்த இசையை உருவாக்கியவர் வால்டர் காஃப்மன். ஐரோப்பாவில் யூதர்களுக்கு நெருக்கடி முற்றிய காலத்தில் பம்பாய்க்கு வந்து, அங்கே நிலையத்தில் ஐரோப்பிய இசைக்குப் பொறுப்பாக இருந்தவர். வீட்டை விட்டு வந்த ஒருவர் அமைத்த மெட்டு இத்தனை கோடி வீடுகளின் விடியற்காலைச் சத்தமாக ஆகிவிட்டது.

ஒரு முழு மாலை எப்படி இருந்திருக்கும்?

பெரியவர்கள் சொல்லக் கேட்டதையும், அந்தப் பெட்டிகளை நானே இயக்கிப் பார்த்ததையும் சேர்த்து இப்படி நினைத்துப் பார்க்கிறேன். 1938 மார்கழி, மயிலாப்பூரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு மணிக்குக் கூடத்தில் விளக்கு வைத்தாயிற்று. ரேடியோ ஓர் உயரமான ஸ்டாண்டில் இருக்கிறது, மேலே பின்னல் வேலை செய்த துணி. அதைத் தொட வீட்டில் ஒருவருக்குத்தான் உரிமை. அப்பா ஆபீஸிலிருந்து வந்து, கைகால் கழுவி, திருநீறு இட்டுக்கொண்டு வந்து துணியை எடுப்பார். சுவிட்சைப் போட்டதும் ஒன்றும் கேட்காது. டயலுக்குப் பின்னால் மஞ்சள் வெளிச்சம் மட்டும் வரும். வால்வு சூடாக அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடத்தில் யாரும் பேச மாட்டார்கள். மெல்ல ஒரு 'ம்ம்ம்', அப்புறம் சூடான தூசியும் மெழுகும் கலந்த ஒரு வாசனை. பழைய பெட்டியை இயக்கும் ஒவ்வொரு முறையும் அந்த வாசனை வருகிறது. 1938-இல் வந்ததும் இதே வாசனைதான்.

முள் நகர்கிறது. கரகரப்பு, ஒரு விசில், ஏதோ ஒரு பாஷை, மறுபடி கரகரப்பு, பிறகு மெட்ராஸ். வாசலில் அதற்குள் செருப்புகள் சேர்ந்திருக்கும். எதிர் வீட்டு மாமா திண்ணையிலேயே உட்கார்ந்துகொள்வார். பெண்கள் சமையலறை நிலைப்படியில். கச்சேரிக்குப் போக வாய்க்காத பாட்டி தூணில் சாய்ந்து தாளம் போடுகிறாள். சபாவில் முன்வரிசையில் இருக்கிறவர்களுக்குக் கேட்கிற அதே ஆலாபனை அவளுக்கும் கேட்கிறது. ஒன்பது, ஒன்பதரைக்கு எல்லாம் முடிந்து பெட்டியை அணைத்த பிறகும் டயல் வெளிச்சம் போன இடத்தைக் குழந்தைகள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்கும்.

அந்த மாலைகளின் ஒலிப்பதிவு ஏதாவது கேட்கக் கிடைக்குமா?

கிளப் காலத்து ஒலிபரப்போ மாநகராட்சி ஒலிபரப்போ எதுவும் நான் கேட்டதில்லை. எல்லாமே நேரடி ஒலிபரப்பு. கலைஞர் மைக் முன்னால் உட்கார்ந்து பாடுவார், அது காற்றில் போகும், அத்தோடு சரி. காந்த நாடா நம் நிலையங்களுக்கு வந்தது வெகுகாலம் கழித்து. அதனால்தான் அதைக் கேட்டவர்களின் ஞாபகம் எனக்கு அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. உங்கள் வீட்டில் தொண்ணூறு வயதுக்காரர் யாராவது இருந்தால், முதன்முதலில் ரேடியோ கேட்டது எங்கே என்று இன்றைக்கே கேளுங்கள். போனில் பதிவும் செய்துகொள்ளுங்கள்.

இன்று கிரிஸ்டல் செட் செய்து கேட்க முடியுமா?

முடியும். நான் செய்தது இது: மூன்று அங்குல பிவிசி குழாயில் எனாமல் கம்பி 80 சுற்று, நிலையம் பிடிக்கத் திருப்புகிற, பழைய ரேடியோவிலிருந்து எடுத்த கேங் கண்டென்சர் ஒன்று, கலீனா கல்லுக்குப் பதிலாக ஓஏ79 ஜெர்மானியம் டயோடு. சாதாரண மொபைல் ஹெட்போன் நேராக வேலை செய்யாது. கிரிஸ்டல் இயர்போன் என்று கேட்டு வாங்க வேண்டும், சென்னையில் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் தேடினால் கிடைக்கும். மாடியில் 40 அடிக் கம்பி, எர்த்துக்குத் தரையில் அடித்த இரும்புக் குழாய். பேட்டரி இல்லாமல் 720 கிலோஹெர்ட்ஸில் சென்னை நிலையம் காதில் விழுந்தபோது மணி இரவு எட்டு. ஒரு வயலின். நான் மேஜையைத் தொடவே பயந்தேன்.

பரணில் தாத்தாவின் வால்வு ரேடியோ இருக்கிறது. சுவிட்சைப் போட்டுப் பார்க்கலாமா?

கூடாது. இதற்காகவே பல நல்ல பெட்டிகள் எரிந்துபோயிருக்கின்றன. உள்ளே இருக்கும் மெழுகுக் காகிதக் கண்டென்சர்கள் இத்தனை வருடத்தில் கசிய ஆரம்பித்திருக்கும், மின் வடிகட்டிக் கண்டென்சர்கள் உலர்ந்திருக்கும். நேராக 230 வோல்ட் கொடுத்தால் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். ஏசி, டிசி இரண்டிலும் ஓடும் பெட்டியாக இருந்தால் உள்ளிருக்கும் தகட்டிலேயே மின்சாரம் இருக்கலாம், தொட்டால் உயிருக்கு ஆபத்து. முதலில் பின்மூடியைக் கழற்றி, மென்மையான பிரஷ்ஷால் தூசியை மட்டும் எடுங்கள். எலி கடித்த ஒயர் இருக்கிறதா பாருங்கள். வால்வுகளைப் பிடுங்க வேண்டாம். உள்ளே ஒட்டியிருக்கும் காகிதத்தையும் மாடல் எண்ணையும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, வால்வு வேலை தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். அவர் முதலில் கண்டென்சர்களை மாற்றி, ஒரு பல்பைத் தொடராகக் கோர்த்து, குறைந்த மின்சாரத்தில்தான் எழுப்புவார். பெட்டியின் மேல் போர்த்தியிருந்த துணியை மட்டும் துவைத்துப் போடாமல் பத்திரமாக மடித்து வையுங்கள்.